பயணத்தின் நோக்கம்

அரசுச் சம்பளம் வாங்குபவர்கள் வெளிநாடு போக வேண்டுமென்றால் மேலிடத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அதற்கொரு படிவம், அதில் ‘பயணத்தின் நோக்கம்’ என்று ஒரு கட்டம். நான் ‘சாலை வழியே இலங்கையைச் சுற்றிப் பார்த்தல்’ என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. போய் விசாரித்தேன்.

“கருத்தரங்கம்னு போட்டுடுங்க மேடம். இல்லேன்னா கோயில்னு போடுங்க. சும்மா சுத்திப் பாக்கன்னா மேல கேப்பாங்க.”

“போன வருஷம் நம்ம சார் ஒருத்தர் தாய்லாந்து போனாரே, அவரு என்ன போட்டாரு?”

“சுற்றுலான்னுதான் போட்டாரு.” கொஞ்சம் தயங்கினார். “அவரு ஆம்பள மேடம்.”

அந்த எழுத்தர் கெட்ட மனிதர் இல்லை. என் வேலை நடக்க வேண்டுமே என்ற அக்கறையில் சொன்னார். அந்த அக்கறையோடுதான் எனக்குச் சண்டை. இந்தப் பயணத்தைத் திட்டமிடத் தொடங்கிய நாளிலிருந்து என்னை ஒருவர்கூடத் தடுக்கவில்லை. எல்லாரும் அக்கறைப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர். நான், விலங்கியல் துறைத் தோழி ஒருத்தி, முசிறியில் கோரைப்பாய்த் தறி போட்டிருக்கும் என் பள்ளிக்காலத் தோழி. மூவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. இருவருக்குக் கார் ஓட்டத் தெரியும். மூன்றாமவளுக்கு யாரிடமும் கூச்சமில்லாமல் வழி கேட்கத் தெரியும். மூன்றில் பெரிய திறமை அதுதான். முசிறியிலிருந்து திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம். அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. 2023 அக்டோபரில் தொடங்கி, மழைக்கு நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த கப்பல் அது. யாழ்ப்பாணத்தில் கார் வாடகைக்கு. சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டிப் பூநகரி வழியாக ஏ32 சாலையில் மன்னார், அப்புறம் தீவின் நுனியில் தலைமன்னார். அங்கிருந்து திரும்பி ஏ14இல் மதவாச்சி வரை. பிறகு ஏ9இல் தெற்கே இறங்கித் தம்புள்ளை, மாத்தளை, கண்டி. கடைசியாக அட்டன், நுவரெலியா, அப்புத்தளை. மொத்தம் பதினோரு நாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 நேராகப் போகிறது. பிறகு எதற்குத் தலைமன்னாருக்குப் போய்த் திரும்ப வேண்டும்? என் கணவர் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இது. நல்ல கேள்விதான். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்குமான துண்டுக்காகத்தான் இந்தப் பயணமே. நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் எங்களுக்கு அங்கே போய்ச் சேரும் வழி.

என் அப்பத்தாவுக்கு ஒரு சின்னம்மா இருந்தாளாம். அவளுடைய பெயரை யாரும் சொன்னதில்லை. ‘கண்டிச்சீமைக்குப் போனவ’ என்பார்கள், அதுதான் பெயர். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் இப்படிப் பெயரில்லாத ஒருத்தியோ ஒருத்தனோ இருக்கிறார்கள். 1820களில் வெள்ளைக்காரர்கள் இலங்கை மலையில் கோப்பித் தோட்டம் போட ஆரம்பித்ததும் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். கங்காணி முன்பணம் கொடுப்பான். அந்தப் பணம் ஏறும் முன்பே கடனாகியிருக்கும். தோணியில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியில் மாத்தளை வரை நடக்க வேண்டும். ஏறக்குறைய 150 மைல். தண்ணீர் கிடையாது, காலரா உண்டு, மலேரியா உண்டு. விழுந்தவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது.

கோப்பிக் காலத்தில் போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்; அறுப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்று முடித்தபின் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும், கொழுந்து கிள்ளப் பெண் வேண்டும். குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனார்கள். 1904இல் தோட்ட முதலாளிகள் ஆள்சேர்ப்புக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கி அதற்குத் தலைமையிடத்தைத் திருச்சிராப்பள்ளியில் வைத்தார்கள். கொழும்பில் வைக்காமல் ஏன் இங்கே வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சரக்கு விளையும் இடத்தில்தானே கிடங்கு வைப்பார்கள்.

இந்த இடத்தில் தமிழ் வாத்தியார் ஒரு நிமிஷம் குறுக்கே வருவதை மன்னியுங்கள். முசிறி என்றதும் மாணவிகள் யவனர் கப்பலையும் மிளகு மூட்டையையும் நினைப்பார்கள். அது சேரநாட்டுத் துறைமுகம், பேரியாற்றங்கரை. எங்கள் முசிறிக்குக் கடலே கிடையாது. காவிரி உண்டு, எதிர்க்கரையில் குளித்தலை உண்டு, வாழையும் வெற்றிலையும் கோரையும் உண்டு. சங்க முசிறிக்குப் பொன் ஏற்றிக்கொண்டு கப்பல் வந்தது. எங்கள் முசிறியிலிருந்து ஆட்கள் நடந்து போய்க் கப்பலேறினார்கள். முதல் முசிறிக்கு அகநானூற்றில் இடம் கிடைத்தது. இரண்டாவதற்கு இன்னும் யாரும் சரியாகப் பாட்டு எழுதவில்லை.

தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு நூற்பா. பொருள் தேடிக் கடல் கடக்கும்போது பெண்ணை உடன் கொண்டுசெல்லும் வழக்கம் இல்லை என்று சொல்லும். ஒவ்வொரு வருஷமும் அதை நான் வகுப்பில் நடத்துகிறேன். உரையாசிரியர்கள் சொன்னதைச் சொல்லி, தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும் என்றும் சொல்லி, அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவேன். என் அப்பத்தாவின் சின்னம்மா பொருள் தேடித்தான் கடல் கடந்தாள் என்பது இருபது வருஷம் பாடம் நடத்தியபின்தான் உறைத்தது. இலக்கணத்தில் இல்லாத வழக்கத்தை நெடுங்காலம் எங்கள் வட்டாரப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு நடத்திக் காட்டியிருக்கிறார்கள். நூற்பாவை யாரும் திருத்தவில்லை. அவர்களைப் பெண்ணென்று கணக்கில் வைத்திருந்தால்தானே திருத்துவதற்கு?

பயணத் திட்டம் போடுவதற்கென்றே ஓர் இலக்கிய வகை வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆற்றுப்படை என்றால் வேறென்ன? எந்த வழியில் போக வேண்டும், எந்த ஊரில் யார் சோறு போடுவார்கள், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே கல் உருளும், எல்லாம் அதில் உண்டு. விறலியாற்றுப்படை என்ற துறைகூட இருக்கிறது; புறநானூற்றிலும் பதிற்றுப்பத்திலும் சின்னப் பாட்டுகளாகக் கிடைக்கின்றன. ஆனால் பத்துப்பாட்டில் இடம்பிடித்த ஐந்து நீண்ட ஆற்றுப்படைகளில் ஒன்றுகூட விறலிக்குச் சொன்னதில்லை. வழி சொல்வதெல்லாம் ஆணுக்கு. கூடவே நடக்கும் பாடினிக்குக் கூந்தலிலிருந்து பாதம் வரை வருணனை. அவளும் அதே தூரம்தான் நடந்தாள், அவள் காலும்தான் கொப்பளித்தது. புலவர் அந்தக் கொப்புளத்தையும் அழகாகப் பாடிவிட்டார். எந்தத் திருப்பத்தில் திரும்புவது என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

சிலம்பிலும் இதுவேதான். மதுரைக்குப் போகும் மூன்று வழிகளையும் அவற்றின் அபாயங்களையும் மாங்காட்டு மறையோன் விரிவாகச் சொல்வது கோவலனிடம். பதில் சொல்லும் தைரியம் கவுந்திக்கு இருந்தது, ஏனென்றால் அவர் துறவி. கண்ணகி கேட்டுக்கொண்டு நின்றாள். காவிரிக் கரையோரமாக, அரங்கம் தாண்டி, உறையூர் தாண்டி, எங்கள் ஊர்ப்பக்கம் நடந்து போன முதல் காப்பிய நாயகிக்கு எந்த வழியில் போகலாம் என்று ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பெண்கள் நகர்வதில் இந்தச் சமூகத்துக்கு எந்தக் காலத்திலும் ஆட்சேபம் இருந்ததில்லை. நாம் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறோம். கல்யாணமாகிப் புகுந்த ஊருக்குப் போகிறோம். கணவனுக்கு மாற்றலானால் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு பின்னால் போகிறோம். மகள் அமெரிக்காவில் பிள்ளை பெற்றால், முசிறியைத் தாண்டித் திருச்சிக்கே துணையோடு போன அறுபது வயது அம்மாவைத் தனியாக விமானம் ஏற்றிவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் போய் வந்திருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாது, கத்தாரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும், பையில் பிரசவ லேகியம், கையில் மகன் எழுதித் தந்த ஒரு தாள்: ‘எனக்கு ஆங்கிலம் தெரியாது, தயவுசெய்து அடுத்த விமானத்துக்கு வழி காட்டவும்.’ ஆறு மாதம் சமைத்து, குளிப்பாட்டி, துணி மடித்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். ‘வயசான பொம்பள, தனியா, அவ்ளோ தூரம், பாதுகாப்பா இருக்குமா?’ என்று எவராவது கேட்டார்களா? ஒருவரும் இல்லை. அதே அம்மா, ‘நானும் என் சிநேகிதியும் நயாகரா பார்க்கப் போறோம், பேரன் பிறக்கல, சும்மாதான்’ என்று சொல்லிப் பார்க்கட்டும்.

பிறர் தேவைக்காக ஒருத்தி உலகத்தின் மறுமுனைக்குப் போகலாம். அவளாக ஒரு வரைபடத்தை விரித்து, இங்கே திரும்பலாம், இங்கே ராத்தங்கலாம் என்று பேனாவால் குறித்தால் வீடு கலகலத்துப் போகிறது. பயணத்தை மன்னித்துவிடுகிறார்கள். திட்டம் போட்டதை மன்னிப்பதில்லை.

மணிமேகலையை ஒருமுறை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். முதல் தடவை அவளைத் தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத்தில் போட்டார்கள். கண் விழித்தபோது எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் அழுதாள். பிறகுதான் மந்திரம் கைவந்தது. அதன்பின் அவள் விரும்பிய இடத்துக்கு விரும்பிய நேரத்தில் போனாள். நம் பாட்டிமாரின் பயணங்கள் எல்லாம் முதல் வகை. எனக்கு இரண்டாவது வகை வேண்டும். மந்திரம் தெரியாது, ஓட்டுநர் உரிமம் இருக்கிறது.

உரிமம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே வண்டி ஓட்ட முடியாது. இங்கே படிவம் 4ஏ எழுதிக்கொடுத்துப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். அங்கே போய் அந்நாட்டு அங்கீகாரமும் பெற வேண்டும். மற்றபடி அங்கேயும் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம்தான். இந்த விவரங்களைச் சேகரிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. இந்த அனுமதிக்காகப் போன இடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி: “ஹஸ்பண்ட் ஓட்ட மாட்டாரா மேடம்?” ஓட்டுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நண்பர்களோடு பைக்கில் பூட்டான் வரை போய் வந்தார். அந்தப் பயணத்துக்கு அவர் போட்ட திட்டத்தில் பெட்ரோல் பங்க், விடுதி, வானிலை மூன்றும் இருந்தன. அவருடைய அம்மாவின் பிரஷர் மாத்திரை இருக்கவில்லை. மாவு இருக்கவில்லை. பால்காரர் கணக்கு, கேஸ் சிலிண்டர், மகளின் டியூஷன் ஃபீஸ், எதுவும் இருக்கவில்லை. என் திட்டத்தின் முதல் நான்கு பக்கங்களை வீட்டை விட்டுப் புறப்படுவதற்கான ஏற்பாடுகளே பிடித்துக்கொண்டன. தலைமன்னார் ஐந்தாம் பக்கத்தில்தான் வருகிறது. அத்தையின் மாத்திரைகளை ஏழு நாள் டப்பா இரண்டில் பிரித்துப் போட்டு மேலே பசை நாடாவில் காலை, மாலை என்று எழுதும்போது ஒன்று நினைத்துக்கொண்டேன். தமிழில் பயண இலக்கியத்துக்கு முன்னோடி ஏ. கே. செட்டியார். காந்தி படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் போய்ப் பிலிம் சுருள் தேடிச் சேர்த்து, 1940இல் படத்தைக் கொண்டுவந்தவர். அவர் எழுத்தை நூலகத்தில் தேடித்தேடிப் படித்தவள் நான், இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் மாத்திரை டப்பா பற்றி அவர் எழுதியதாக நினைவில்லை.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நாத்தனார்தான் சென்னையிலிருந்து போன் செய்தாள். “அண்ணி, போறது தப்பில்ல. ஒரு பேக்கேஜ்ல போயிடுங்களேன். அவங்களே கூட்டிட்டுப் போயி, அவங்களே கூட்டிட்டு வந்துடுவாங்க.” கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கங்காணி இதைத்தானே சொன்னான்! நாத்தனாரிடம் அப்படிச் சொல்லவில்லை, அவள் மனசு நோகும்.

என் அம்மா வேறு மாதிரி. “ஆம்பளத் தொணை இல்லாம, தெரியாத ஊர்ல, ராத்திரி வண்டி நின்னுட்டா என்னடி செய்வ?” இந்தக் கேள்வியைக் கேலி செய்ய நான் தயாரில்லை. பயம் உண்மையானது. அவள் வாழ்க்கை முழுக்கச் சேர்த்த பயம். இருட்டியபின் ஓட்டுவதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறோம். ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம்மோடு வாதாடுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷாவருஷம் கணக்கு வெளியிடுகிறது. பெண்களுக்கு எதிராகப் பதிவாகும் குற்றங்களில் எப்போதும் முதலிடத்தில் நிற்பது கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமை. அறிமுகமில்லாத சாலையில் நடப்பது அந்தப் பட்டியலில் பின்னால்தான் வருகிறது. அப்படியிருந்தும் ‘கல்யாணம் பண்ணப் போறியா? பாத்து, ஆபத்து’ என்று எந்தப் பெண்ணையும் எவரும் எச்சரிப்பதில்லை. துணைக்கு ஆள் அனுப்புவதில்லை.

சாலையில் என் பயம் வேறு. கழிப்பறை. முசிறியிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போகும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்ற கணக்கு. பள்ளிக்கூடத்தில் கற்ற கணக்கையெல்லாம் மறந்துவிட்டோம், இது மறக்கவில்லை. எங்கள் திட்டத்தில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒரு தனிக் கட்டம் போட்டிருக்கிறோம்: எங்கே இறங்கலாம். பெட்ரோல் பங்க், தேவாலயம், ரயில் நிலையம், நல்ல சாப்பாட்டுக் கடை. ஆண்கள் எழுதிய பயணக் குறிப்புகளில் இந்த விவரம் கிடைக்காது. அவர்களுக்கு உலகமே இறங்கும் இடம்தான். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், நண்பரின் நண்பர், போனில் அரை மணி நேரம் இதைப் பற்றி மட்டுமே பேசி எழுத வைத்தார். இதுவரை எனக்குக் கிடைத்த ஆற்றுப்படைகளில் சிறந்தது அதுதான்.

2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தபோது நம் ஆண்கள் என்ன சொன்னார்கள் என்று நினைவிருக்கிறதா? ‘ஓசி’ என்றார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று: “வேல வெட்டி இல்லாம பஸ்ஸுல சுத்துறாளுக.” வேலைக்குப் போனால் பரவாயில்லை, சுற்றினால்தான் குற்றம். என் தறிக்காரத் தோழி, பேருந்து இலவசமான முதல் மாதம், வேலை ஒன்றும் இல்லாமல் வண்டி கடைசியாக நிற்கும் இடம் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். நாற்பது வயதில் அவள் முதல் சுற்றுலா. யாரிடமும் சொல்லவில்லை. இந்தத் திட்டம் போடும்போதுதான் எங்களிடம் சொன்னாள், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது போல.

அரசுகளும் நாத்தனார் மாதிரிதான் பேசும். 30 வயது ஆகாத பெண் வீட்டுவேலைக்கு வளைகுடா போக நம் நாடு குடிபெயர்வு அனுமதி தராது. இலங்கை 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்தது. வீட்டுவேலைக்கு வெளிநாடு போகும் பெண்ணுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறதா, கணவன் சம்மதிக்கிறானா என்று விசாரித்து எழுதும் தாள். மலையகப் பெண்கள் பலர் அந்தத் தாளோடு அலைந்தார்கள். கொழுந்து பறிக்க அவர்களின் கொள்ளுப்பாட்டி கைக்குழந்தையோடு 150 மைல் நடந்தபோது அந்தக் குழந்தைக்காக எந்த அரசும் அறிக்கை கேட்கவில்லை. அவள் பறித்த கொழுந்துக்கான கூலியையும் புருஷன் கையில் கொடுப்பது பல தோட்டங்களில் நெடுநாள் பழக்கம்.

இனி ஒரு மாணவியைப் பற்றி. முதுகலை படிக்கிறாள். பெயரையும் ஊரையும் எழுத மாட்டேன். நான் வகுப்பில் இந்தப் பயணத்தைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து கேட்டாள்: “அந்த ரோட்டுல செத்தவங்கள மிதிச்சுக்கிட்டு ஏசி கார்ல போறதுல என்னம்மா பெண்ணியம் இருக்கு?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் அவளே அறைக்கு வந்தாள், வருத்தம் தெரிவிக்க என்று நினைத்தேன். அதற்கு வரவில்லை, தன் கதையைச் சொல்ல வந்திருந்தாள். முகாமில் பிறந்தவள். 2021இலிருந்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர், அதற்கு முன்னால் அகதிகள் முகாம். பாட்டியின் பாட்டி நம்ம திருச்சி ஜில்லாக்காரி, கண்டிச்சீமைக்குப் போனவள். பாட்டி பிறந்தது அட்டன் பக்கம் ஒரு லயத்தில். 1948இல் ஒரு சட்டம் வந்து அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து எத்தனை பேர் உனக்கு, எத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கு ஓடி, 1990இல் படகேறி இந்தக் கரைக்கு வந்தார்கள். ஐந்து தலைமுறைப் பெண்கள், எல்லாரும் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறார்கள், ஒருத்திகூடத் திட்டம் போட்டதில்லை.

இவளுக்குக் கடவுச்சீட்டு கிடையாது. 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொன்னது. 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள் என்பது சட்டம். என் மாணவி பிறந்தது 2000க்குப் பிறகு. முகாமில் தணிக்கை நடக்கும் நாளில் அவள் அங்கே இருந்தாக வேண்டும். துறையிலிருந்து தஞ்சாவூருக்குக் களப்பயணம் போனபோது அவள் வராததற்குக் காய்ச்சல் காரணம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வேளாளத் தெருவில் வளர்ந்தவளோ தோட்டத்து லயத்தில் வளர்ந்தவளோ என்பதைப் பொறுத்து அந்தச் சாலை வேறு வேறு சாலையாகிறது. என் குடும்பத்தில் ஒருத்தி போனாள், மற்றவர்கள் நிலத்தோடு இங்கேயே இருந்தோம். இருந்தவர்களின் கொள்ளுப்பேத்தி நான், அதனால்தான் என் கையில் கடவுச்சீட்டு. ஏசி கார்தான். இரண்டு லட்சம் ரூபாய் செலவுக் கணக்கு. இதை மறைத்துக்கொண்டு ‘பாட்டிமாரின் பாதையில்’ என்று கவிதை எழுதினால் அது பொய். 2023இல், மலையகத் தமிழர் குடியேறிய 200ஆம் ஆண்டில், ஜூலை 28 அன்று தலைமன்னாரில் கிளம்பி ஆகஸ்ட் 12இல் மாத்தளை சேர்ந்து, அந்தத் தூரம் முழுவதையும் மலையக மக்கள் நடந்தே கடந்தார்கள். காணியும் வீடும் சமமான உரிமையும் கேட்டு நடந்தார்கள். சாலை அவர்களுடையது. நாங்கள் விருந்தாளிகள்.

ஆனால் அவள் கேள்வியைக் காரணம் காட்டி நான் வீட்டிலேயே இருந்துவிட்டால், சந்தோஷப்படப் போவது அவள் இல்லை. நாத்தனாரும் அந்தப் பென்சில் கேள்விக்குறியும்தான். குற்ற உணர்ச்சியை நம் கையில் கொடுத்து உட்கார வைப்பது சுலபம். படித்த நடுத்தரவர்க்கப் பெண்களுக்கு இது இன்னும் சுலபமாக வேலை செய்யும். மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். தொழிலாளர்களைத் திரட்ட அவரே பாட்டுக் கட்டினார், அச்சிட்டும் கொடுத்தார். அவரும் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் கிடையாது, கரை தாண்டிப் போனவர்தான். போனபின் என்ன செய்தார் என்பதுதான் பேச்சு. அவரோடு என்னை வைத்துப் பார்க்கிற அசட்டுத்தனம் எனக்கில்லை. போகாமல் இருப்பது ஒரு புண்ணியம் என்று மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவளிடம் இதைச் சொன்னேன். முழுக்க ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. திட்டத் தாளை வாங்கிப் பார்த்தாள். பேனா கேட்டாள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நாங்கள் ஒரு நாள் ஒதுக்கியிருந்தோம். கார் ஐந்து மணி நேரத்தில் கடந்துவிடும் தூரம் அது. அவள் ஒன்றை அடித்து மூன்று என்று எழுதினாள். “மடுவுல ஒரு ராத்திரி தங்குங்கம்மா. பாட்டி சொல்லுவாங்க, அங்க மரம் நெறய இருக்கும்னு. அப்புறம் மதவாச்சியில எறங்கி, டீக்கடையில சிங்களத்துல பேசிப் பாருங்க, எனக்கும் கொஞ்சம் தெரியும், எழுதித் தரேன்.” தமிழ் எழுத்தில் பத்து வாக்கியம் எழுதிக் கொடுத்தாள். தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, இந்தச் சாலை எங்கே போகிறது, நாங்கள் மூன்று பேர், எங்களோடு யாரும் வரவில்லை. கடைசி வாக்கியத்தை ஏன் எழுதினாய் என்று கேட்டேன். “கண்டிப்பாக் கேப்பாங்கம்மா” என்றாள்.

பயணம் பதின்மூன்று நாளாகிவிட்டது. மாத்திரை டப்பா இரண்டும் நிரம்பிவிடும், மாமியாருக்கு மூன்றாவது வாங்க வேண்டியதில்லை. மே மாதம் விடைத்தாள் திருத்தும் பணி முடிந்ததும் கிளம்புவதாக இருக்கிறோம், மழைக்காலத்துக்கு முன்னால் கப்பல் ஓடும்போதே. படிவத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். கருத்தரங்கம் என்றும் போடவில்லை, கோயில் என்றும் போடவில்லை. பென்சில் கேள்விக்குறியை ரப்பரால் அழித்துவிட்டு அதே வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். கோப்பு இன்னும் மேலேதான் இருக்கிறதாம்.